மாத்திரையைப் பூட்டுங்கள், ஊசியைப் பூட்டாதீர்கள்: நம் மருந்து வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதப் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் போட்டீர்கள். போதைக்காகக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டேபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சீட்டும் பில்லும் இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். அதற்கு நானும் கை தூக்கினேன். சீட்டு இல்லாமல் சிரிஞ்ச் எதையும் விற்கக் கூடாது, கேட்டு வரும் பையன்களின் முகத்தை சிசிடிவியிலிருந்து எடுத்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், அங்கிருந்து அது காவல் நிலையத்துக்குப் போகும் என்பது இரண்டாவது. அதற்கு நான் கை தூக்கவில்லை. பேச எழுந்தபோது, "நேரமாயிடுச்சும்மா, அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று உட்கார வைத்துவிட்டீர்கள். அன்று சொல்ல வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கத்துப் பகுதிச் சங்கங்களும் இதே தீர்மானத்தை நகல் எடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதனால்தான் சங்கத்துக்குள் ஒரு கடிதமாகக் கொடுக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பதிவு பெற்ற மருந்தாளுநர். வடசென்னையில் இருபது வருடத்துக்கு மேல் கடை வைத்திருக்கிறேன். இரண்டாவது தீர்மானம் நம் பிள்ளைகளைக் காப்பாற்றாது. அவர்களுக்கும், அவர்களைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கும், நம் தெருவைக் கூட்டுகிறவர்களுக்கும் நோயைக் கொண்டுவந்து சேர்க்கும்.

மாத்திரை விஷயத்தில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. டிரமடாலை 2018லேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று நம் பகுதியில் ஓடுவது டேபென்டடால். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. அதைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது, மாத்திரை உதிராமல் இருக்கச் சேர்த்த மாவும் டால்க்கும் கூடவே ரத்தத்தில் போகின்றன. நரம்பு அடைத்துப் போகிறது, சீழ் பிடிக்கிறது. தவறித் தமனியில் ஏறிவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். புது ஊசி போட்டாலும் இந்தக் கேடு இருக்கவே செய்யும், அதை நான் மறைக்கவில்லை. சீட்டில்லாமல் ஒரே ஒரு அட்டை விற்றவருக்குக்கூடச் சங்கம் பரிந்து பேசக் கூடாது.

ஊசி அப்படியல்ல. கடையில் ஊசி கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு பையன் அன்றைக்கு மாத்திரையை விட்டுவிட மாட்டான். வெளி மாநிலத்திலிருந்து பார்சலிலும் ரயிலிலும் மாத்திரை வருவதைப் போலீஸ் பிடிக்கும்போதெல்லாம் செய்தியில் படிக்கிறோம். அதை நம் தீர்மானம் தொடவே இல்லை. மாத்திரை கையில் இருக்கும், உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், ஊசி மட்டும் இருக்காது. அப்போது பக்கத்தில் இருப்பவன் போட்டு முடித்த ஊசியைக் கேட்டு வாங்குவான். அந்த நேரத்தில் அவனிடம் வேறு எதுவும் எடுபடாது.

தீர்மானம் வந்த பிறகு ஒரு நாள் மதியம் எங்கள் தெருப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் அம்மா என்னிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கீழே வரை இறக்கிப் பட்டன் போட்டிருந்தான். பீட்டாடினும் பஞ்சும் கேட்டான். கையைக் காட்டு என்றேன். முழங்கையின் உள்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, தொட்டால் கொதித்தது. எதில் போட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தான். ஒரு டூ எம்எல் சிரிஞ்ச். அளவுக் கோடுகள் எல்லாம் அழிந்திருந்தன. உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் உப்பிப் போய், தள்ளினால் நகரவில்லை. முனை மழுங்கியதால் ஊசியைத் தீப்பெட்டியின் மருந்துப் பட்டையில் உரசிக் கூராக்கியிருந்தார்கள். ஊசி வாயில் காய்ந்த ரத்தம். இது யாருடையது என்று கேட்டேன். "எல்லாரோடதும்தான்க்கா" என்றான். அப்புறம், "கடையில தர மாட்டேங்கறாங்க" என்றான்.

அந்த ஊசியை வாங்கி கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். அரசு மருத்துவமனை அறுவைப் பிரிவுக்கு இன்றைக்கே போ, சீழை எடுக்காமல் விட்டால் கை போய்விடும் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். போகும்போது புது ஊசிகள் கொடுத்தனுப்பினேன். சங்கத் தீர்மானத்தை மீறித்தான் கொடுத்தேன். இன்னொருவன் இதே மாதிரி வந்து நின்றால் அவனுக்கும் கொடுப்பேன்.

அந்தப் பழைய ஊசிக்குள் என்ன இருந்திருக்கும் என்று மருந்துக்கடைக்காரர்களாகிய நாமாவது யோசிக்க வேண்டும். சிரிஞ்சுக்குள் தங்கும் துளி ரத்தத்தில் எச்ஐவி கிருமி ஆறு வாரம் வரை உயிரோடு இருக்கலாம் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இன்னும் பொல்லாதது. அது 63 நாள் வரை தாக்குப்பிடித்தது. நாலு பேர் ஒரு ஊசி என்றால் நாலு பேரின் ரத்தம். அதில் ஒருவனுக்கு இருந்தால் போதும்.

நாம் போட்ட இதே தீர்மானத்தை நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒரு ஊர் செயல்படுத்திப் பார்த்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஹெராயின் வெள்ளமாக வந்து இறங்கியது. பிரெட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கடையில்தான் பையன்கள் ஊசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் நெருக்கடியில் அந்த விற்பனை நின்றது. நகரத்தின் மருந்துக்கடைகளிலும் கிடைப்பது அரிதானது. தெருவில் ஊசியோடு பிடிபட்டால் போலீஸ் பறிமுதல் செய்தது. அதனால் யாரும் சொந்தமாக ஊசி வைத்துக்கொள்ளாமல், ஒரு வீட்டில் கூடி, இருக்கிற ஒன்றிரண்டு ஊசியைப் பல பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் எச்ஐவி அந்த ஊருக்குள் நுழைந்தது.

மியூர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்புப் பகுதியில் டாக்டர் ராய் ராபர்ட்சன் என்ற குடும்ப மருத்துவர் இருந்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும், தங்களிடம் வைத்தியத்துக்கு வந்த ஊசிப் பழக்கக்காரர்கள் 164 பேரின் ரத்தத்தைச் சோதித்து 1986ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 51 பேருக்கு எச்ஐவி. அவ்வளவு தூரமில்லாத கிளாஸ்கோ நகரத்திலும் ஹெராயின் இருந்தது, வறுமையும் இருந்தது. ஆனால் அங்கே தொற்று இதில் ஒரு சிறு பங்குதான். ஊசி கிடைத்ததும் கிடைக்காததும்தான் பெரிய வித்தியாசம் என்று அப்போது ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே 1986ல் ஸ்காட்லாந்து அரசு அமைத்த மெக்லெலண்ட் குழு, சுத்தமான ஊசி கொடுங்கள், மாற்று மருந்து கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அதன்படி செய்த பிறகு எடின்பரோவில் புதிய தொற்றுகள் குறைந்தன. இன்று அதே ஸ்காட்லாந்தில் பல மருந்துக்கடைகளே இலவசமாகப் புது ஊசி கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான் அதைச் செய்கிறார்கள்.

அது ஹெராயின், நம் ஊரில் மாத்திரைதானே என்று அன்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு சிற்றூர். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அங்கே ஓடியதும் வலி மாத்திரைதான், ஆக்சிமார்ஃபோன். பொடித்துக் கரைத்து, ஊசியைப் பகிர்ந்து போட்டார்கள். 2015ல் ஒரு வருடத்துக்குள் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எச்ஐவி தொற்றியவர்கள் 180ஐத் தாண்டினார்கள். ஊசி கொடுக்கும் திட்டத்தைக் கொள்கையாகவே எதிர்த்துவந்த மாநில ஆளுநர் மைக் பென்ஸ், மார்ச் மாதம் சுகாதார நெருக்கடி அறிவித்து, அந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் சென்னையையே பார்ப்போம். 2003ல் இங்கே ஊசிப் பழக்கம் இருந்த 226 ஆண்களையும் அவர்களுடைய மனைவி அல்லது துணைவியையும் சேர்த்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் சமிரன் பாண்டாவும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு அது, 2005ல் வெளியானது. ஆண்களில் நூற்றுக்கு 30 பேருக்கு எச்ஐவி. பெண்களில் நூற்றுக்கு 5 பேருக்கு. இந்த ஐந்தைத்தான் நான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏனென்றால் கர்ப்பப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னக்கா போட்டிருக்கு" என்று என்னைப் போன்ற கடைக்காரியிடம் வந்து நிற்பது அந்தப் பெண்கள்தான். ஊசியைத் தடுத்துப் பையன்களுக்குப் பாடம் கற்பிக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தண்டனையை அனுபவிப்பது வேறொருத்தியாக இருப்பாள்.

ஊசி கொடுத்தால் ஊக்கம் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டீர்கள். நேர்மையான கேள்வி, பெற்றவர்களும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2004ல், அதுவரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி இதே கேள்விக்கு விடை தேடியது. சுத்தமான ஊசி கிடைக்கச் செய்த இடங்களில் எச்ஐவி குறைந்தது. அதனால் போதைப் பழக்கம் கூடியது என்பதற்கு நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை. என் அனுபவமும் அதுதான். ஊசி கிடைக்கிறதே என்று மாத்திரைக்குப் போன பையன் ஒருவனை நான் பார்த்ததில்லை. நண்பன் கொடுத்தான், வேலை போனது, காதல் முறிந்தது, சும்மா போட்டுப் பார்த்தேன் என்பார்கள்.

நாமெல்லாம் இதே மாதிரி ஒரு வாதத்தை முன்பும் கேட்டிருக்கிறோம். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலையால். அதன் பிறகு, ஆணுறையைக் கடையில் கண்ணில் படும்படி வையுங்கள் என்று அரசு கேட்டபோது, ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பலரும் குதித்தார்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகப் புள்ளிராஜா விளம்பரம் வந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாம் ஆணுறையைக் கவுன்டரில் வைத்தோம். ஊர் கெட்டுப்போகவில்லை. தமிழ்நாட்டில் எச்ஐவி குறைந்ததில் மருந்துக்கடைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

போலீஸ் கேஸ் வரும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் நம் ஆட்கள்மேல் வழக்கு வருவது மாத்திரைக்காக, கணக்கில் வராத அட்டைகளுக்காக. அதே கடையில் சிரிஞ்சும் இருந்தால் அதையும் சேர்த்துப் படம் பிடித்துப் போடுகிறார்கள், அதனால் நமக்கும் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22ஆவது பிரிவைத் தயவுசெய்து படியுங்கள். தொற்றைக் குறைப்பதற்காக மத்திய அரசின் வழிகாட்டுதல்படி செய்யும் எந்தச் செயலையும் தடுக்கக் கூடாது, அது குற்றமாகாது என்கிறது. சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்தை எடுத்துக்காட்டாகவே அந்தச் சட்டம் சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு, வழிகாட்டுதல்படி நடக்கும் திட்டங்களுக்குத்தான். கவுன்டரில் நடக்கும் சாதாரண விற்பனைக்கு அது நேரடியாகப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் நாம் அந்தத் திட்டங்களோடு கைகோத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அவை ஏற்கெனவே இருக்கின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டங்களில் களப்பணியாளர்கள் ஊசி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், பழையதை வாங்கி வருகிறார்கள், புண்ணைச் சுத்தம் செய்கிறார்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கிருந்து, போதை மாத்திரைக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கும் ஓஎஸ்டி மையத்துக்கு வழி. நாக்குக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையை ஊழியர் கண்ணெதிரே தினமும் இலவசமாகக் கொடுப்பார்கள். உடம்பு முறுக்காது, ஊசி தேட வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம். என்னிடம் ஊசி வாங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இப்போது அந்த மாத்திரையில் இருக்கிறார், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வருகிறார். ஊசி கேட்டு வந்த நாட்களில் அவரோடு பேச்சுக் கொடுத்ததால்தான் அந்த மையத்தைப் பற்றிச் சொல்ல முடிந்தது. பழக்கத்தில் இருக்கும் ஒருவன் தானாக நடந்து வந்து, உடம்பைப் பற்றி ஓரளவு தெரிந்த ஒருவரிடம் நிற்கிற இடம் பெரும்பாலும் நம் கவுன்டர்தான். அந்தக் கதவையும் சாத்திவிட்டால் அவன் வேறு எங்கே போய் நிற்பான்?

அந்த வாட்ஸ்அப் வேலையை நினைத்தால் எனக்கு உடம்பே பதறுகிறது. ஊசி கேட்டவன் எல்லோரும் போதைக்காரன் இல்லை. நம் வாடிக்கையாளர் ஒருவர், வயதானவர், இன்சுலின் ஊசிக்காக மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தார். பழைய சீட்டு வீட்டில் எங்கேயோ இருக்கிறதாம், யாரும் தரவில்லை. போதைக்காகவே கேட்டு வந்தவனாக இருக்கட்டும், அவன் முகத்தை நூறு பேர் இருக்கும் குழுவில் போட நமக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு படம் போனால் போதும், அந்த வட்டத்தில் எவனும் இனி எந்த மருந்துக்கடைக்கும் வர மாட்டான். புண்ணுக்கு மருந்து கேட்டுக்கூட வர மாட்டான்.

தூய்மைப் பணியாளர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரயில் பாதை ஓரத்திலும் டாஸ்மாக் பின்பக்கத்திலும் குப்பையை அள்ளும் அக்காக்களின் கையில்தான் வீசிப்போட்ட ஊசி ஏறுகிறது. பிடிபடுவோம் என்ற பயம் கூடினால் போட்ட கையோடு வீசிவிட்டு ஓடுவார்கள். பல பேர் போட்ட ஊசி ஏறுவதற்கும் ஒருவன் ஒருமுறை போட்டது ஏறுவதற்கும் வித்தியாசம் உண்டு. திரும்ப வாங்க ஓரிடம் இருந்தால் அதுவும் குறையும்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான்.

சிரிஞ்ச் விற்பனையைத் தடுக்கும் இரண்டாவது தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். முதல் தீர்மானம் அப்படியே இருக்கட்டும். வலி மாத்திரைகளின் கொள்முதலும் விற்பனையும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று மாதாமாதம் சங்கமே ஒவ்வொரு கடையிலும் பார்க்கட்டும், என் கடையிலிருந்தே தொடங்குங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் இதுவரை போட்ட படங்கள் எல்லாவற்றையும் அழியுங்கள். இனி யாரும் போடக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள்.

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கும் காவல் துறைக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். மருந்துக்கடைகளும் ஊசித் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்ய முறையான ஏற்பாடு வேண்டும், சுத்தமான ஊசி விற்பதற்காக எந்தக் கடைக்காரரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேளுங்கள். கடிதத்தின் வரைவை நான் எழுதித் தருகிறேன்.

விரும்புகிற கடைகளில், ஊசி குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பா ஒன்று வைத்துப் பழைய ஊசிகளைத் திரும்ப வாங்குவோம். அதை மருத்துவக் கழிவாக எடுத்துப்போக மாநகராட்சியிடம் பேசுங்கள். எய்ட்ஸ் உதவி எண் 1097, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் எல்லாக் கடையிலும் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்குக் களப்பணியாளர் ஒருவரையும், ஓஎஸ்டி மையத்தில் மருந்து எடுப்பவர் ஒருவர் விருப்பப்பட்டால் அவரையும் அழையுங்கள். இதை நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வையுங்கள், கடைசியில் வேண்டாம். எனக்கும் பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் உறுப்பினர், மருந்தாளுநர்
வடசென்னை